நடக்காத கம்பெனியும் நம் வருமான வரிக் கணக்கும்



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் ஞாயிறு அஸருக்குப் பிறகு கூட்டம் சேர்ந்துவிடும். பிள்ளைகளின் கல்வி உதவி விண்ணப்பத்துக்கு வருமானச் சான்று தேடுகிற பெற்றோர், விசாவுக்கு மூன்று வருட ரிட்டர்ன் கேட்கிறார்கள் என்று வருகிற இளைஞர்கள், ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் எனப் பலரும் வருவார்கள். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஆடிட்டர் ஒருவர் கட்டணம் ஏதும் வாங்காமல் உட்கார்ந்து இவர்களுக்கு ரிட்டர்ன் போட்டுத் தருகிறார். பான் கார்டு, ஆதார், பாஸ் புக் எல்லாம் பார்த்த பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பார்: "நீங்க ஏதாவது கம்பெனியில டைரக்டரா இருக்கீங்களா?" பெரும்பாலோர் சிரிப்பார்கள். "நம்மள யாரு பாய் டைரக்டரா போடப்போறா?" என்பார்கள்.

இந்த வருடம் அப்படிச் சிரிக்காமல் 'இல்லை' என்று தலையசைத்தவர் ஒரு சகோதரி. சென்ற டிசம்பரில் கணவரை இழந்தவர். இத்தா முடிந்து, மகனுடன் மே மாதக் கடைசியில் வந்திருந்தார். தாய் வீட்டு வழியில் அவர் பெயருக்கு வந்த கட்டடம் ஒன்று இருக்கிறது. மாதம் 40 ஆயிரம் ரூபாய் வாடகை. வங்கியில் கொஞ்சம் டெபாசிட். இத்தனை வருடமும் கணவரே பிரவுசிங் சென்டரில் கொடுத்து ஐ.டி.ஆர்-1 படிவத்தில் கணக்குப் போட்டு வந்திருக்கிறார். அதைப் போலவே இந்த வருடமும் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். பத்து நிமிட வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

மகன் ஒரு பெரிய துணிப்பையில் வாப்பாவின் காகிதங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. உறையில் பென் டிரைவ் மாதிரி இரண்டு டிஜிட்டல் கையொப்பச் சாதனங்கள். ஒன்றில் கணவர் பெயர், இன்னொன்றில் இவர் பெயர். கூடவே 2016-இல் வாங்கிய கம்பெனிப் பதிவுச் சான்றிதழ். மசாலாப் பொருட்கள் ஏற்றுமதி செய்யத் தொடங்கிய ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. டைரக்டர்கள் இருவர்: கணவரும் மனைவியும். மூலதனம் 1 லட்சம். பத்து ரூபாய்ப் பங்குகள் பத்தாயிரம். அவருக்கு 9,000, இவருக்கு 1,000.

"எனக்கு ஒண்ணும் தெரியாது காக்கா. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றார் அந்தச் சகோதரி.

நமதூரில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும். அந்த இரண்டாவது நாற்காலிக்கு மனைவியை, உம்மாவை, கல்லூரி முடித்த தம்பியைப் போடுவது நம் வழக்கம். வியாபாரம் நடக்காமல் போனால் கம்பெனியை எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஆனால் கம்பெனியும் அதன் டைரக்டர் பதவியும் தாமாக மறைவதில்லை. கதவடைத்த கடையைப் போல அல்ல அது. சட்டத்தின் கண்ணில் கம்பெனி தனி ஆள்; அதன் பெயரை முறைப்படி நீக்கும் வரை அது உயிரோடுதான் இருக்கிறது.

முதலில் நம் சொந்த ரிட்டர்னுக்கு வருவோம். சம்பளம், ஒரு வீட்டு வாடகை, வட்டி என்று எளிய வருமானம் உள்ளவர்கள் போடும் 'சஹஜ்' எனப்படும் ஐ.டி.ஆர்-1 படிவத்தை, கம்பெனி டைரக்டராக இருப்பவர் பயன்படுத்தக் கூடாது. 2019-20 மதிப்பீட்டு ஆண்டு முதல் இந்த விதி இருக்கிறது. கம்பெனி ஒரு ரூபாய்கூட சம்பாதிக்கவில்லை, உங்களுக்கு ஒரு பைசாவும் தரவில்லை என்றாலும் விதி மாறாது. வருடம் முழுவதும் டைரக்டராக இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அந்த நிதியாண்டில் எந்த ஒரு நாளிலாவது இருந்திருந்தால் போதும். சம்பளம், வாடகை, வட்டி மட்டும் உள்ள டைரக்டருக்கு ஐ.டி.ஆர்-2. கடை, வியாபாரம், தொழில் வருமானம் இருந்தால் ஐ.டி.ஆர்-3.

கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இங்கே கவனிக்க வேண்டும். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டி, 'சுகம்' எனப்படும் ஐ.டி.ஆர்-4 போடுவது நம்மில் பலருடைய வழக்கம். டைரக்டராக இருந்தால் அந்தப் படிவமும் கிடையாது. உத்தேச லாப முறையை விட வேண்டியதில்லை. அதே முறையை ஐ.டி.ஆர்-3 படிவத்துக்குள் காட்டலாம். படிவம்தான் மாறுகிறது, வரி மாறுவதில்லை. அந்தச் சகோதரியின் கணவரும் மளிகைக் கடைக்கு ஐ.டி.ஆர்-4 போட்டு வந்தவர். மர்ஹூம் அவர்களின் கடைசிக் கணக்கை, வஃபாத்தான நாள் வரையிலான வருமானத்துக்கு, வாரிசாக இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு மகன்தான் போட வேண்டியிருந்தது. அதை ஐ.டி.ஆர்-3 ஆகப் போட்டோம்.

ஐ.டி.ஆர்-2 படிவத்தில் நேரடியான கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வருடத்தில் எப்போதாவது கம்பெனி டைரக்டராக இருந்தீர்களா? 'ஆம்' என்றால் கம்பெனியின் பெயர், அதன் பான் எண், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதா இல்லையா, உங்கள் டைரக்டர் அடையாள எண் (நம் ஆட்கள் 'டின்' நம்பர் என்பார்கள்) இவற்றைக் கொடுக்க வேண்டும். அடுத்த கேள்வி பங்குகளைப் பற்றியது. பட்டியலிடப்படாத கம்பெனியின் பங்கு கையில் இருந்தால், வருடத் தொடக்கத்தில் எத்தனை, வாங்கிய விலை என்ன, நடுவில் வாங்கியது விற்றது எவ்வளவு, வருடக் கடைசியில் எத்தனை என்று எழுத வேண்டும். அந்தச் சகோதரிக்கு 1,000 பங்குகள், அடக்க விலை 10,000 ரூபாய். எழுதி முடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை.

ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அரை மணி நேரம் பேச்சு நடந்தது. மகன் படித்தவர், சென்னையில் வேலை பார்ப்பவர். அவர் கேட்டார்: "கம்பெனிதான் நடக்கவே இல்லையே. 'இல்லை'ன்னு போட்டா என்ன ஆகிடப்போகுது? 'ஆமா'ன்னு போட்டா அதத் தோண்டி எடுத்து உம்மாவுக்கு அபராதம் போட்டுட்டாங்கன்னா?"

பயம் நியாயமானதுதான். விதவைத் தாயைப் பற்றிய பயம். கேட்டவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆடிட்டர் பொறுமையாகச் சொன்னார்: டின் நம்பர் வாங்கும்போதே பான் எண்ணைக் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறோம், ஆகவே அரசாங்கத்துக்குத் தெரியாததை நாம் சொல்லப்போவதில்லை. தெரிந்ததை இல்லை என்றால்தான் சிக்கல். படிவம் தவறு என்று துறை கண்டால் 'குறைபாடுள்ள ரிட்டர்ன்' என நோட்டீஸ் வரும். 15 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும், அவகாசம் கேட்கலாம். சரிசெய்யாவிட்டால் அந்த ரிட்டர்ன் செல்லாது. போடவே இல்லை என்ற கணக்கில் சேரும். அப்புறம் விசாவுக்கும் கல்வி உதவிக்கும் காட்டிய காகிதத்துக்கு மதிப்பு இருக்காது.

நான் இன்னொன்றைச் சொன்னேன். ரிட்டர்னின் கடைசியில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை இதிலுள்ளவை சரியானவை, முழுமையானவை என்று. ஆதார் ஓ.டி.பி.யைத் தட்டும்போது அந்தச் சாட்சியத்தைத்தான் நாம் சொல்கிறோம். பொய்ச்சாட்சியத்தின் கடுமையை மதரஸாவின் முதல் வகுப்பிலேயே ஓதியவர்கள் நாம். மகன் அதற்கு மேல் பேசவில்லை. 'ஆம்' என்றே போட்டோம்.

டைரக்டராக இருக்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காகவே எல்லோரும் ரிட்டர்ன் போட வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. 2024-25 நிதியாண்டின் வருமானம் புதிய முறையில் 3 லட்சத்தையும், பழைய முறையில் அறுபது வயதுக்குட்பட்டவர்களுக்கு 2.5 லட்சத்தையும் தாண்டினால்தான் கட்டாயம். ஆனால் இங்கே இரண்டு இடத்தில் நம் மக்கள் சறுக்குகிறார்கள். முதலாவது, அந்த ஆண்டு 7 லட்சம் வரை வரி இல்லை என்றிருந்ததை ரிட்டர்ன் வேண்டாம் என்று புரிந்துகொள்வது. வரி தள்ளுபடியாகிறதே தவிர, கணக்குக் காட்டும் கடமை தள்ளுபடியாவதில்லை. இரண்டாவது, வெளிநாட்டுப் பயணம். தனக்கோ பிறருக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்காக ஒரு வருடத்தில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்தவர், வருமானம் குறைவாக இருந்தாலும் ரிட்டர்ன் போட வேண்டும். பெற்றோர் இருவரையும் உம்ராவுக்கு அனுப்பி வைத்தால் அந்தத் தொகை எளிதாகத் தாண்டிவிடும். அல்லாஹ் கபூலாக்கட்டும், ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கி வட்டி நமக்கு ஹராம் என்று ஒதுக்கி, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் பலர். அந்தச் சகோதரியும் அப்படித்தான், தனி டைரியில் எழுதி வைத்திருக்கிறார். "நான்தான் எடுத்துக்கலையே, அத ஏன் வருமானத்துல காட்டணும்?" என்று கேட்டார். பணம் அவர் கணக்கில் வந்திருக்கிறது, வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் ஏறியிருக்கிறது. நாம் அதை என்ன செய்தோம் என்பது நமக்கும் ரப்புக்கும் இடையிலானது. வந்தது வந்ததுதான், காட்ட வேண்டும். அதே நேரம் கம்பெனியின் பெயரில் ஒரு டெபாசிட் இருந்து அதற்கு வட்டி வந்தால், அது கம்பெனியின் வருமானம். டைரக்டரின் சொந்தக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

இனி கம்பெனிக்கு வருவோம். சொந்த ரிட்டர்ன் போட்டதோடு வேலை முடிந்துவிட்டது என்று அந்தக் குடும்பம் எழுந்தபோது ஆடிட்டர் உட்காரச் சொன்னார். கம்பெனி அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டுப் பார்த்தார். கடைசியாகக் கொடுத்த பேலன்ஸ் ஷீட் 31-3-2022 தேதியிட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கணவருக்கு உடம்பு முடியாமல் போனது அப்போதுதான் என்று சகோதரி சொன்னார்.

வியாபாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கம்பெனியும் வருடா வருடம் கணக்கை ஆடிட் செய்து, செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் கூட்டி, அடுத்த 30 நாட்களில் ஏ.ஓ.சி-4, 60 நாட்களில் எம்.ஜி.டி-7 அல்லது சிறு கம்பெனியானால் 7ஏ என்ற படிவங்களைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். 2018 ஜூலை முதல் இதுதான் கட்டணம், இதற்கு உச்சவரம்பு கிடையாது. இது போக, கம்பெனிக்குத் தனியாக ஐ.டி.ஆர்-6 என்ற வருமான வரி ரிட்டர்ன் உண்டு. வருமானம் பூஜ்யம் என்றாலும் அக்டோபர் 31-க்குள் போட வேண்டும். வரி மிகக் குறைவு என்பதால் வழக்கிலிருந்து தப்பிக்கும் சலுகை தனிநபருக்கு உண்டு. கம்பெனிக்கு அந்தச் சலுகையை 2018-இல் எடுத்துவிட்டார்கள்.

ஆடிட்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். விட்டுப்போனது 2022-23, 2023-24 ஆகிய இரண்டு வருடங்கள், நான்கு படிவங்கள். ஜூலை 31 வரை என்று வைத்தால் முதல் வருடத்துக்கு 640 நாளும் 610 நாளும், இரண்டாம் வருடத்துக்கு 274 நாளும் 244 நாளும். மொத்தம் 1,76,800 ரூபாய். கம்பெனியின் வங்கிக் கணக்கில் இருந்ததோ 38 ஆயிரம் சொச்சம். அந்தச் சகோதரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "ஜகாத் நிதியிலிருந்து உதவ முடியுமா காக்கா?" என்று மகன் என்னிடம் மெல்லக் கேட்டார். கடனாளிகளுக்கு ஜகாத்தில் பங்குண்டு என்பது குர்ஆனில் வந்திருக்கிறது. ஆனால் இது அந்த வகையில் சேருமா என்பதை நான் முடிவு செய்ய முடியாது, நம் ஹஜ்ரத்திடம்தான் கேட்க வேண்டும் என்றேன். நல்லவேளை, கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை.

கம்பெனி கடைசியாகச் சரக்கு அனுப்பியது 2019-20 நிதியாண்டில். அதற்குப் பிறகு ஒரு விற்பனையும் இல்லை என்பதை வங்கிக் கணக்கும் பழைய பேலன்ஸ் ஷீட்டுகளும் காட்டின. இரண்டு நிதியாண்டுகளுக்கு மேல் வியாபாரமில்லாத, கடன் பாக்கி இல்லாத கம்பெனி, தன் பெயரை நீக்கும்படி எஸ்.டி.கே-2 என்ற படிவத்தில் தானே விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 10,000 ரூபாய். அதற்கு முன், கம்பெனி வியாபாரத்தை நிறுத்திய நிதியாண்டு முடிய உள்ள கணக்குகள் தாக்கலாகியிருக்க வேண்டும் என்பதுதான் விதி. இவர்களுடையது நின்றது 2019-20-இல்; கணக்கு 2021-22 வரை போயிருக்கிறது. ஆகவே விட்டுப்போன இரண்டு வருடத்துக்காக ஒன்றே முக்கால் லட்சம் கட்டாமலேயே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் பதிவாளரே நீக்கும் நடவடிக்கையைத் தொடங்கி நோட்டீஸ் அனுப்பிவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். நிலுவை முழுவதையும் தாக்கல் செய்தாக வேண்டும். நல்லவேளையாக அப்படி எந்த நோட்டீஸும் வந்திருக்கவில்லை.

இன்னொரு கெடுவும் இருந்தது. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கோ ஆண்டறிக்கையோ தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழக்கிறார்கள். வேறு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது. வேறு கம்பெனியில் ஏற்கெனவே இருந்தால் அந்தப் பதவியும் போகும். 2017-இல் அமைச்சகம் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்பெனிகளின் பெயரை நீக்கி, 3 லட்சத்துக்கும் அதிகமான டைரக்டர்களைத் தகுதி நீக்கம் செய்தபோது, அதில் அடிபட்டவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர். தூங்கிப்போனவர்களும் அதில் இருந்தார்கள். நம் சகோதரிக்கு இரண்டு வருடம் போய்விட்டது. மூன்றாவது வருடமான 2024-25-க்குக் கெடு 2025 அக்டோபர், நவம்பரில் வருவதாக இருந்தது. அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

செய்வது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. கணவர் போனதால் டைரக்டர் ஒருவர்தான் மிச்சம். மீதமிருக்கும் ஒரே டைரக்டர், எண்ணிக்கையை நிறைவு செய்வதற்கோ பொதுக்கூட்டம் கூட்டுவதற்கோ மட்டும்தான் செயல்படலாம். வேறெதற்கும் அவருக்கு அதிகாரம் இல்லை. அவருடைய டின் நம்பரும் முடங்கிக் கிடந்தது. 2025-இல் இருந்த விதிப்படி, ஒவ்வொரு டைரக்டரும் வருடந்தோறும் செப்டம்பர் 30-க்குள் தன் விவரத்தை இணையதளத்தில் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. விட்டால் நம்பர் முடங்கும். உயிர்ப்பிக்க 5,000 ரூபாய். அதைக் கட்டினோம். பிறகு மகனை டைரக்டராகச் சேர்த்தோம். இப்போது அந்த மகனும் டைரக்டர். சம்பளக்காரரான அவர் அடுத்த வருடம், 2025-26-க்கு, ஐ.டி.ஆர்-1 போட முடியாது. 'இல்லை'ன்னு போட்டா என்ன என்று கேட்டவரே 'ஆம்' போட வேண்டியவராகிவிட்டார். அவரே சொல்லிச் சிரித்தார்.

அடுத்தது மர்ஹூம் அவர்களின் 9,000 பங்குகள். நடக்காத கம்பெனியின் பங்கும் மய்யித்தின் சொத்துதான். கடன், வஸிய்யத் போக, ஃபராயிழ் முறைப்படி பிரித்தாக வேண்டும். அவருடைய உம்மா ஹயாத்தாக இருக்கிறார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 1,125. உம்மாவுக்கு ஆறில் ஒன்று, 1,500. மிச்சம் 6,375-இல் மகனுக்கு 4,250, மகளுக்கு 2,125. மனைவியிடம் முன்பே இருந்த 1,000-உடன் சேர்த்துப் பத்தாயிரமும் சரியாக நின்றது. மகள் ஆசிரியை. டைரக்டர் இல்லை. ஆனாலும் பட்டியலிடப்படாத கம்பெனியின் பங்கு வருடத்தில் ஒரு நாள் கையில் இருந்தாலும் ஐ.டி.ஆர்-1 கூடாது என்பதால், பங்குகள் பெயர் மாறும் இந்த வருடத்துக்கு அவரும் ஐ.டி.ஆர்-2 போட வேண்டும். 'நமக்கும் அந்தக் கம்பெனிக்கும் என்ன?' என்று ஒதுங்கும் வாரிசுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வங்கியில் இருக்கும் 38 ஆயிரத்தைச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி வந்தது. கூடாது. அது கம்பெனியின் பணம்; சகோதரியின் பணமும் அல்ல, கணவர் விட்டுச் சென்ற ரொக்கமும் அல்ல. கட்டணங்கள், ஆடிட் செலவு எல்லாம் போக மிஞ்சினால் பங்குதாரர்களுக்குப் பங்கின் விகிதப்படி போக வேண்டியது. அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறோம். பெயர் நீக்கத்துக்கு, செலுத்திய மூலதனத்தில் முக்கால் பங்கு வைத்திருக்கும் பங்குதாரர்களின் சம்மதம் வேண்டும். மூத்த உம்மா உட்பட எல்லோரும் கையெழுத்திட்டார்கள். உம்மாவுக்கு ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினோம். வங்கிக் கணக்கை மூடும் வேலை பாக்கி இருக்கிறது. அது முடிந்ததும் விண்ணப்பம் போகும், இன்ஷா அல்லாஹ்.

கம்பெனியை மூட மனமில்லை, பின்னால் நடத்தலாம் என்று இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சட்டத்தின் 455-ஆம் பிரிவுப்படி எம்.எஸ்.சி-1 படிவத்தில் விண்ணப்பித்து 'உறங்கு நிலைக் கம்பெனி' என்ற தகுதியைப் பெறலாம். நாம் பேச்சுவாக்கில் 'டார்மண்ட் கம்பெனி' என்பது வேறு, இது வேறு. பதிவாளரிடம் சான்று வாங்கினால்தான் இந்தத் தகுதி. வாங்கிய பிறகும் வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன், எம்.எஸ்.சி-3, உண்டு. அப்படித் தகுதி பெற்ற கம்பெனியின் டைரக்டரும் டைரக்டர்தான். அவருடைய சொந்த ரிட்டர்னில் 'ஆம்' என்றுதான் போட வேண்டும். உண்மையிலேயே திட்டம் கையில் இருக்கிறவர்களுக்கு இது உதவும். 'எப்பவாவது பார்த்துக்கலாம்' என்பவர்களுக்கு மூடிவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ராஜினாமா செய்துவிட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள். ராஜினாமா செய்யலாம். கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாளோ, கடிதத்தில் குறித்த நாளோ, எது பிந்தியதோ அன்று முதல் செல்லும். பதிவாளரிடமும் அது பதிவாக வேண்டும். ஆனால் பதவியில் இருந்த காலத்துப் பொறுப்பு நம்மை விட்டுப் போகாது. பிரைவேட் கம்பெனி வரி பாக்கி வைத்து அதனிடம் வசூலிக்க முடியாமல் போனால், அந்த வருடத்தில் டைரக்டராக இருந்தவர்களிடம் கேட்கலாம் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது; தன் கவனக்குறைவால் அது நேரவில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். இருவரில் ஒருவர் விலகி மற்றவரைத் தனியாக விட்டுவிடுவதும் முறையல்ல.

சபுராளிச் சகோதரர்களுக்கு ஒரு விஷயம். ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு டைரக்டராவது நிதியாண்டில் 182 நாட்களாவது இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். இரண்டு நண்பர்கள் சேர்ந்து கம்பெனி தொடங்கி, இருவருமே துபாய்க்கும் சவூதிக்கும் போய்விட்டால் அந்த விதி மீறப்படுகிறது. குடியிராத இந்தியருக்கு ஐ.டி.ஆர்-1 எப்படியும் இல்லை. ஊரில் வாடகை வருகிறது என்று தம்பி அவர் பெயரில் ஐ.டி.ஆர்-1 போட்டுக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

நம்முடையது போன்ற அறக்கட்டளையின் முத்தவல்லி, செயலாளர், பொருளாளர் ஆகியோர் டைரக்டர்கள் அல்லர். டிரஸ்ட் கம்பெனி ஆகாது. ஆனால் பள்ளிக்கூடம், மருத்துவ சேவை என்று நல்ல நோக்கத்துக்காக 8-ஆம் பிரிவின் கீழ் கம்பெனியாகப் பதிந்திருந்தால், அதில் சம்பளமில்லாமல் உழைப்பவரும் டைரக்டர்தான். அவருக்கும் இதே கேள்வி, இதே படிவம். நம் பெரியவர்கள் இருவர் அப்படி இருக்கிறார்கள். சென்ற வாரம்தான் அவர்களுக்கும் சொன்னேன்.

ஆடிட் தேவைப்படாத தனிநபர்களின் ரிட்டர்னுக்கு 2025 வரை வழக்கமாக ஜூலை 31 கடைசி நாளாக இருந்தது. 2025-இல் அதைச் செப்டம்பர் 16 வரை நீட்டித்திருந்தார்கள். தாமதமானால் 5,000 ரூபாய், வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000 ரூபாய் கட்டி டிசம்பர் 31 வரை போடலாம். 2025-இல் தவறான படிவத்தில் போட்டவர்களும் அந்தத் தேதிக்குள் திருத்திப் போட்டுக்கொள்ள முடிந்தது. போட்ட 30 நாட்களுக்குள் ஓ.டி.பி. மூலம் உறுதிசெய்ய மறக்க வேண்டாம்.

அலுவலகம் வருகிறவர்கள் பான், ஆதார், பாஸ் புக் ஆகியவற்றோடு, வீட்டு அலமாரியில் கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், டிஜிட்டல் கையொப்பச் சாதனம், பங்குச் சான்றிதழ் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்து எடுத்து வாருங்கள். மனைவியிடமும் உம்மாவிடமும் ஒருமுறை கேளுங்கள், எப்போதாவது எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா என்று. பெண்கள் தனியாக வந்து பேச விரும்பினால், ஞாயிறு லுஹருக்குப் பின் நம் மகளிர் பிரிவுச் சகோதரி அலுவலகத்தில் இருப்பார்.

வஸ்ஸலாம்.